ரேவதி பெயரில் போன மல்லிகாவின் ரிப்போர்ட்

1. ஃப்ரிட்ஜில் இருந்த டியூப்

முகங்களை நான் மறந்துவிடுவேன். பெயர்களும் அப்படித்தான். ஆனால் ஒருவர் கையில் ஒருமுறை ஊசி குத்திவிட்டால் அந்தக் கையின் நரம்பு எனக்கு மறக்காது. தடித்த நரம்பா, தொட்டால் நழுவுகிற நரம்பா, முழங்கை மடிப்பில் கிடைக்காமல் மணிக்கட்டுப் பக்கம் தேட வேண்டியதா என்று வருஷம் கழித்தும் சொல்வேன். திருப்பூரில் இருபத்தாறு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்ததில் வந்த பழக்கம் அது.

அந்த ஞாபகம்தான் அன்று காலை என்னைக் காட்டிக் கொடுத்தது.

எங்கள் லேப்பில் கூட்டம் எட்டரைக்குள் முடிந்துவிடும். பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுவார்கள். அதன் பிறகு, முந்தைய நாள் சாம்பிள்களை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அடுக்குவது என் வேலை. அன்று பத்து மணி வாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ‘ரேவதி’ என்று என் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய டியூப் வந்தது. டியூப் நிறைய ரத்தம்.

முந்தைய நாள் ரேவதிக்கு ரத்தம் எடுத்தது நன்றாக நினைவிருந்தது. மெலிந்த கை. நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தி, சொட்டுச் சொட்டாக வந்து, டியூபில் கால்வாசி சேர்ந்ததும் “இது போதுமுங்க” என்று நானே நிறுத்தினேன். அடுத்து உட்கார்ந்தவர் மல்லிகா. அவருக்கு நல்ல நரம்பு, நொடியில் டியூப் நிறைந்துவிட்டது. ‘மல்லிகா’ என்று எழுதியிருந்த டியூபை எடுத்துப் பார்த்தேன். அதில்தான் கால்வாசி இருந்தது.

இருவருக்கும் ஒரே பரிசோதனை. கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கிற பீட்டா எச்சிஜி.

ரேவதிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. நாள் தள்ளிப் போயிருந்தது. வீட்டில் கார்டு வைத்துப் பார்த்தபோது இரண்டாவது கோடு வரவில்லை. ஒருவேளை அவசரப்பட்டுவிட்டோமோ என்று ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார். மல்லிகாவுக்கு நாற்பத்தொரு வயது, மூத்த பெண் பிளஸ் டூ. இரண்டு மாதமாகத் தூரம் வரவில்லை, நிற்கிற வயது வந்துவிட்டதென்றுதான் அவர் நினைத்தார். மாத்திரை எழுதும் முன் எதற்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தார்.

முந்தைய நாள் சாயங்காலமே வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். ரேவதிக்கு பாசிட்டிவ். மல்லிகாவுக்கு நெகட்டிவ்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. ரேவதிக்கு இரண்டு வருஷம் முன்பு எங்கள் லேப்பிலேயே ரத்த குரூப் பார்த்திருந்தோம், பி பாசிட்டிவ். இரண்டு டியூபிலிருந்தும் ரத்தம் எடுத்து குரூப் போட்டேன். ‘ரேவதி’ டியூப் ஓ குரூப் காட்டியது. ‘மல்லிகா’ டியூப் பி.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம். இரண்டு மூன்று பேருக்கு வரிசையாக ரத்தம் எடுத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டு, பிறகு சேர்த்து லேபிள் எழுதுவேன். படிக்கும்போதே கூடாதென்று சொல்லிக்கொடுத்த பழக்கம். எனக்கு ஞாபகசக்தி உண்டு, வேகம் உண்டு என்ற நம்பிக்கை. மல்லிகாவுக்கு எடுத்து முடித்ததும் அடுத்து உட்கார்ந்த சாயப்பட்டறைக்காரர் ஊசியைப் பார்த்தே மயங்கிச் சரிந்தார். அவரைப் பிடித்துப் படுக்கவைத்து, தண்ணீர் தெளித்து, திரும்பி வந்து இரண்டு லேபிளையும் எழுதினேன். மாற்றி எழுதினேன். மயங்கி விழுந்தவர் மேல் இதில் ஒரு பழியும் இல்லை.

2. “யாருக்குங்க தெரியப் போகுது?”

லேப் முதலாளி தண்டபாணி சார் நல்ல மனுஷர். அவரும் டெக்னீஷியனாக இருந்து, ஒற்றை அறையில் தொடங்கி லேப்பை வளர்த்தவர். இரண்டு டியூபையும் அவர் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

“மல்லிகாவுக்கு உடனே சொல்லோணுமுங்க சார். மாத்திரை ஆரம்பிச்சிருப்பாங்க.”

“அவங்கள இன்னொருக்கா வரச்சொல்லுங்க. மெஷின்ல ஒரு டவுட்டு, ரிப்பீட் பண்றோம்னு சொல்லி எடுத்து, புது ரிப்போர்ட் குடுத்துரலாம்.”

“ரேவதிக்குங்க?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க மேடம். பத்து நாள்ல தானா தூரமாயிரும். கரு நின்னு கலைஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கும். ஆரம்பத்துல இப்படிக் கலையறது எத்தன பேருக்கு நடக்குது! யாருக்குங்க தெரியப் போகுது? நாமளா போயி, உனக்கு நிக்கவே இல்லைன்னு சொன்னா அதுக்கு மனசு ஒடைஞ்சு போகுமுங்க.”

இதைப் படிக்கிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்கு அந்த நிமிஷம் சரியாகத்தான் பட்டது. இரக்கமாகக்கூடப் பட்டது. போன தடவை நின்றது, அடுத்த தடவை தங்கும் என்று ரேவதி நம்பிக்கையோடு இருப்பார். எனக்கும் கெட்ட பெயர் இல்லை. மெஷின் மேல் பழியைப் போட்டு, பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வெளியே வந்து கை கழுவினேன். அப்போது நினைத்துப் பார்த்தது ரேவதியின் மனசை அல்ல, அவருடைய ஃபைலை. இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது, ‘இதற்கு முன் எப்போதாவது தரித்திருக்கிறதா?’ என்பதுதான். ‘ஒரு தடவை நின்னு கலைஞ்சுதுங்க’ என்பார். அதை எழுதிக்கொண்டு ஏன் கலைந்தது என்று தேடுவார்கள். கலையாத ஒன்றுக்கு மருந்து கொடுப்பார்கள். தரிக்கவே இல்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு. அந்த ஒரு தாள் அவரை வருஷக்கணக்கில் தப்பான வழியில் நடத்தும். வீட்டிலும் ‘இவள் வயிற்றில் தங்கவில்லை’ என்ற பேச்சு நிலைத்துவிடும். என் பெயர் கெடாமல் இருக்க அவர் அதைச் சுமக்க வேண்டும்.

திரும்ப உள்ளே போய் அதையே சொன்னேன்.

“லேப்ப மூட வெச்சிருவீங்களாட்ட இருக்குதுங்க மேடம்” என்றார் சார்.

“தப்பு என் கையில நடந்துச்சுங்க. சொல்றதும் நானே போயிச் சொல்றேன்.”

“போறதுன்னா போங்க. லேப்பு பேரச் சொல்லீட்டுப் போகாதீங்க.”

“லேப்பு பேரு ரிப்போர்ட்லயே இருக்குதுங்க சார்.”

அதற்குமேல் அவர் என்னைத் தடுக்கவில்லை.

3. பைக் ஸ்டாண்டில்

முதலில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். “டாக்டர், மல்லிகா ரிப்போர்ட் தப்பு. சாம்பிள் மாத்தி லேபிள் ஒட்டிட்டேன். அவங்களுக்கு பாசிட்டிவ்” என்றேன்.

“தூரம் வர்றதுக்கு மாத்திரை எழுதியிருக்கேன். நேத்து ராத்திரி ஒண்ணு, இன்னைக்குக் காலையில ஒண்ணு போட்டிருப்பாங்க. உடனே நிறுத்தச் சொல்லுங்க, சாயங்காலம் என்கிட்ட அனுப்புங்க. உங்ககிட்ட நான் அப்புறம் பேசறேன்” என்றார். அப்புறம் பேசவும் செய்தார். அந்தத் திட்டு எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

மல்லிகா போனை எடுக்கவில்லை. கம்பெனியில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்கச் சொல்லிவிடுவார்கள். அடுத்த மாத்திரை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமாக இருந்தால் என்ன செய்வது? வெள்ளைக் கோட்டைக் கழற்றிவைத்து, ஐடி கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அவர் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். தென்மாவட்டத்துக்காரர்.

“யாருக்கா நீங்க? என்ன விசயமா வந்துருக்கீங்க? எழுதணும்லா.”

“செக்கிங் மல்லிகாவப் பார்க்கோணுமுங்க. சொந்த விஷயம்.”

“சொந்த விசயம்னா என்னன்னு சொன்னாத்தானக்கா உள்ள கேக்க முடியும்? யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?”

“யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. அவங்ககிட்ட மட்டுந்தான் சொல்ல முடியும். நான் வெளியிலயே நிக்கறேன், வரச்சொல்லுங்க.”

சூப்பர்வைசரிடம் இன்டர்காமில் பேசினார். அந்த அம்மா வாசலுக்கே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “பனியன் பீஸ் போகோணுமுங்க மேடம், சும்மா சும்மா ஆள விட முடியாது. அவசரம்னா என்னன்னு சொல்லுங்க, நானே சொல்லிர்றேன்.”

லேப்பிலிருந்து வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே அனுப்பியிருப்பார். கூடவே மத்தியானத்துக்குள் அந்த ஃப்ளோர் முழுக்க ‘மல்லிகாவுக்கு என்னமோ வியாதி’ என்று பேச்சாகியிருக்கும். உறவுக்காரி என்று பொய் சொல்லவும் மனசு வரவில்லை. அன்றைக்கு ஒரு பொய்யைத் திருத்தத்தான் கிளம்பியிருந்தேன். “அவங்களே வெளிய வர்ற நேரம் சொல்லுங்க, காத்திருக்கறேன்” என்றேன். டீ டைமுக்கு இருபது நிமிஷம் இருந்தது. வெயிலில் நின்றேன்.

மல்லிகா டீ கிளாஸோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. பைக் ஸ்டாண்டின் கடைசிக்குக் கூட்டிப்போனேன்.

“மல்லிகா, நேத்து நான் அனுப்பின ரிப்போர்ட் தப்புங்க. உங்க ரத்தத்துல வேற ஒருத்தர் பேர எழுதீட்டேன். என் தப்பு. நீங்க கர்ப்பமா இருக்கீங்க. டாக்டரம்மா அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லீட்டாங்க. இனி ஒண்ணு கூடப் போடாதீங்க.”

அவர் டீயைக் கீழே வைத்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. “என்னங்க மேடம் சொல்றீங்க? எம் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சுட்டிருக்கறா!” என்றார். பிறகு சிரிப்பு நின்றது. “ரெண்டு மாத்திரை போட்டுட்டனேங்க. அது எதாச்சும் பண்ணிருமா?”

“டாக்டர் சாயங்காலம் பார்க்கறேன்னாங்க. ரெண்டு மாத்திரைக்கு என்னன்னு அவங்கதான் சொல்லோணும், நான் சொல்லக் கூடாதுங்க. நானும் கூட வர்றேன்.”

“நேத்து இல்லைன்னீங்க, இன்னைக்கு இருக்குதுங்கறீங்க. எதைங்க நம்பறது?”

நியாயமான கேள்வி. “வேற லேப்ல குடுத்துப் பாருங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம்” என்றேன்.

அவர் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உள்ள யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“எங்க ஊட்டுக்காரருக்கும் போன் பண்ணீறாதீங்க. நான் யோசிச்சு நானே சொல்லிக்கறேன்.”

“உங்கள விட்டா டாக்டருக்கும் எங்க லேப்பு சாருக்கும் மட்டுந்தானுங்க தெரியும்.”

சாயங்காலம் டாக்டரிடம் கூடப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு மாத்திரையால் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

4. தட்டில் இருந்த மைசூர்பாகு

மல்லிகாவுக்கும் ரேவதிக்கும் நடுவே எனக்கு அன்று மத்தியானம் கிடைத்தது ஒரு மணி நேரம். சாப்பிடவில்லை. ரேவதி ஓவர்லாக் டெய்லர். அன்று அவர் லீவு என்று போனில் தெரிந்தது. குரலே மாறியிருந்தது. “வாங்க மேடம், ஊட்லதான் இருக்கறேன். வேலைக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க” என்றார். போனில் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

காம்பவுண்டு வீட்டில் அவர் மாமியார் கதவைத் திறந்தார். தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே கிளம்பி வந்திருந்தார். “லேப்பு மேடமுங்களா? வாங்க கண்ணு, மகராசி, உங்க கையாலதான் நல்ல சேதி வந்துச்சு” என்று தட்டை நீட்டினார். மைசூர்பாகு. நான் எடுக்கவில்லை.

“ரேவதிகிட்டத் தனியா ரெண்டு வார்த்தை பேசோணுமுங்க” என்றேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் அடுப்படிக்குப் போனார்.

ரேவதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்காரவில்லை, ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். “ரேவதி, அந்த ரிப்போர்ட் உங்களது இல்லீங்க. டியூபுல பேர மாத்தி எழுதீட்டேன். உங்க ரத்தத்துல நெகட்டிவ். நீங்க கர்ப்பமா இல்லீங்க. இது முழுக்க என் தப்பு.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது; அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எட்டு வருசமா மாசாமாசம் நான் ஒருத்தி ஏமாந்துட்டிருந்தேன். இந்த மாசம் ஊரையே சேத்தி ஏமாற வெச்சுட்டீங்களே. கம்பெனி லைன்ல இருக்கற அத்தன பேருக்கும் எங்க ஊட்டுக்காரரு சொல்லி அனுப்பிச்சுட்டாரு. நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க போயி உக்காருவேன்? எம்பட கையப் புடிச்சு ரெண்டு தடவ குத்துனீங்களே, பேரு எழுதறதுக்குக் கண்ணு தெரியலீங்களா?”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எதுக்கு வந்தீங்க? வராமயே இருந்திருக்கலாமில்ல? பத்து நாளாவது சந்தோசமா இருந்திருப்பேன்.”

“இருந்திருப்பீங்க. அப்புறம் நின்னு கலைஞ்சுதுன்னு நெனச்சிருப்பீங்க. ஆசுபத்திரியிலயும் அப்படித்தான் எழுதுவாங்க. அதை வெச்சு வைத்தியம் பண்ணுவாங்க. அது பொய்யுங்க ரேவதி. உங்களுக்கு எதுவும் கலையல. உங்க மேல அப்படி ஒரு பேரு விழக் கூடாது.”

அவர் அழுது முடிக்கிற வரை அங்கேயே இருந்தேன். எழுந்து போகச் சொன்னார், எழுந்தேன். வாசல்வரை போனதும் கூப்பிட்டார்.

“எங்க அத்தைகிட்ட நீங்களே சொல்லீட்டுப் போங்க. நான் சொன்னா, நான் எதோ தூக்கிச் சொமந்து கெடுத்துட்டேன்னு ஆயிரும்.”

அடுப்படிக்குப் போய் அந்த அம்மாளிடம் அதே வார்த்தைகளில் சொன்னேன். ‘உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்லீங்க, தப்பு என்னுது’ என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தட்டில் இருந்த இனிப்பைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார்.

5. மறுநாளும் மறுவருஷமும்

மறுநாள் காலை கூட்டம் இருக்கும்போதே ரேவதியின் கணவர் லேப்புக்கு வந்தார். நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். “யாருய்யா இங்க ரிப்போர்ட் எழுதுனது?” என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நான் முன்னால் வருவதற்குள் தண்டபாணி சார் வந்து நின்றுகொண்டார்.

“என் லேப்புங்க. தப்பு நடந்தது நெசம். மன்னிச்சுக்குங்க” என்றார். மெஷின் மேல் பழி போடவில்லை. என் பக்கம் கையும் காட்டவில்லை. முந்தைய நாள் கதவைச் சாத்திவிட்டுப் பேசியவரும் அவர்தான், அத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. முந்தைய ரிப்போர்ட் ரத்து, காரணம் சாம்பிள் மாறியது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுப் புது ரிப்போர்ட் கொடுத்தோம்.

சில பேர் வருவதை நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்கள் நிறுத்தவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை ரேவதியும் கணவரும் சேர்ந்து வந்தார்கள். கோயமுத்தூரில் டாக்டரிடம் போயிருந்தார்களாம். ‘எப்பவாவது தரிச்சிருக்கா?’ என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லி, ரத்தான ரிப்போர்ட்டையும் காட்டியிருக்கிறார் ரேவதி. அப்படியானால் முதலில் கணவருக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாக எந்தப் பரிசோதனைக்கும் வராத மனுஷர் அவர். எங்கள் தப்பான ரிப்போர்ட் வந்த அந்த ஒரு நாளில், ‘எங்கிட்ட கொறையில்லைன்னு ஆயிருச்சில்ல’ என்று எல்லோரிடமும் சொன்னவரும் அவரே. இப்போது தட்டிக் கழிக்க வழியில்லை. பார்த்ததில் குறை அவர் பக்கம் இருந்தது. மருந்தால் சரிப்படுத்த முயலக்கூடிய குறை. அதற்கான அடுத்தடுத்த டெஸ்டுகளுக்குத்தான் எங்கள் லேப்புக்கு வந்திருந்தார்கள். வைத்தியம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பத்து நாள் நான் வாயை மூடியிருந்தால், இந்தக் கணவன் மனைவி இன்றும் ‘ஏன் தங்கவில்லை’ என்று ரேவதியின் வயிற்றிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது புதிதாக வேலைக்கு வரும் டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டியூபில் பெயரை, ரத்தம் கொடுத்தவர் நாற்காலியிலிருந்து எழும் முன், அவர் கண் முன்னால் எழுதுங்கள். அதையும் மீறித் தப்பு நடக்கும். நடந்தால் முதலில் டாக்டருக்குச் சொல்லுங்கள், உடனே பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லுங்கள். நேரில் போங்கள். வேறு யார் காதிலும் விழாமல் சொல்லுங்கள். சொல்லும்போது ‘ஆனால்’ என்று ஆரம்பிக்கிற வாக்கியம் எதுவும் வேண்டாம். அவர்கள் திட்டினால், திட்டி முடிக்கும் வரை நில்லுங்கள். இதனால் யாருக்கும் வேலை போய்விடாது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் போகவில்லை. போயிருந்தாலும், நல்ல கை உள்ளவளுக்கு இந்த ஊரில் வேறு லேப் கிடைத்திருக்கும்.

இதை எழுதும் முன் இரண்டு பேரிடமும் கேட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மல்லிகா, “உங்க தப்பு வரைக்கும் எழுதிக்குங்க மேடம். அதுக்கப்புறம் நடந்தது என் விஷயம்” என்றார். ஆகவே அதற்கப்புறம் நடந்தது இதில் இல்லை. ரேவதி கணவரிடமும் கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எல்லாத்தையும் தாராளமா எழுதுங்க. ஆனா நீங்க வந்து ஒத்துக்கிட்டீங்க, நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிப்போடாதீங்க. உங்க லேப்புக்குத்தான் வர்றேன். அதுக்காக மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்லீங்க.”

சரி என்றேன்.